வெளியே நிற்க ஓர் ஆள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் என்னை எந்த நாற்காலியில் விட்டுவிட்டுப் போனீர்களோ, அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு நாற்காலி இல்லாமல் இல்லை. என் வீட்டில் நான்கு இருக்கின்றன. மற்ற மூன்றும் என்னைப் போலவே பணி ஓய்வு பெற்றவை. யாரும் உட்காராததால் கடையிலிருந்து நேற்று வந்தவை போலப் பளபளக்கின்றன.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருடம் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவள் நான். மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் என்று உலகத்தில் கெட்டுப்போக ஆசைப்பட்ட அத்தனையையும் மைனஸ் பதினெட்டில் தடுத்து நிறுத்தியவள். கிடங்கில் எனக்குப் பெயரே 'மைனஸ்'. ஆனால் வானத்திலிருந்து பனி விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கிடங்கில் பனி சுவரில் முளைக்கும். சுரண்டி வாளியில் போடுவோம். விழும் பனி வேறு ஜாதி என்கிறார்கள்.

ஆகவே, ஓய்வு பெற்ற எட்டாம் மாதம், போன ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் கூடியிருந்த நேரம் பார்த்து, "ஐரோப்பாவுக்குப் போய்ப் பனி பாக்கப் போறேன். தனியா" என்று சொன்னேன்.

தம்பி கையிலிருந்த தேநீர் தம்பி சட்டைக்குப் போனது. தம்பி மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாதியிலேயே எழுந்துகொண்டாள்.

இன்று செவ்வாய். நாளைக் காலை பத்தரைக்கு விசா அலுவலகத்தில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஊரை முடிவு செய்து, மனுவை நிரப்பி, பாஸ்போர்ட்டோடு போய் நிற்க வேண்டும். விட்டால் அடுத்த தேதி மார்ச்சில். மார்ச்சில் பனியெல்லாம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று பயண அலுவலகப் பெண் சொல்லிவிட்டாள்.

மனுவில் நாற்பது கேள்விகள். முப்பத்தொன்பதுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. 'அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்.'

காலை எட்டு மணிக்குத் தம்பி வந்தான். தட்டமாட்டான். மாற்றுச் சாவி அவனிடம் இருக்கிறது. கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைத் தூரத்தில் நின்று படித்துப் பார்ப்பான்.

"அக்கா, ராத்திரி பூரா தூங்கல."

"கொசுவா?"

"நீதான்."

கையில் ஒரு கட்டுக் காகிதம். மேசையில் பரப்பினான்.

"சுவிட்சர்லாந்து. போயே தீருவேன்னா இங்க போ. இதோ பாரு, ஹோட்டலுக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி. அதுக்குப் பின்னால இன்னொரு ஆஸ்பத்திரி."

"நேரா ஆஸ்பத்திரியிலயே ரூம் போட்டுடேன். ஹோட்டல் எதுக்கு நடுவுல?"

"விளையாடாத. கூட நாற்பத்திரண்டு பேர் வர்றாங்க. முன்னால ஒருத்தர் கொடி புடிச்சிட்டுப் போவாரு."

"நாற்பத்திரண்டு பேர் மிதிச்ச பனியைப் பாக்கவாடா நான் இவ்வளவு தூரம் போறேன்? அதுக்கு நம்ம ஃப்ரிட்ஜைத் திறந்து எட்டிப் பாத்துக்கறேன்."

அவன் எழுந்து அலமாரியின் நடு இழுப்பறையைத் திறந்தான். பாஸ்போர்ட்டை எடுத்தான். பையிலிருந்து எப்போதும் வைத்திருக்கும் மஞ்சள் துணியை எடுத்துத் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, காலாவதித் தேதியைப் படித்தான். படம் இருக்கும் பக்கத்தையும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். துணியைப் பையில் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் திரும்ப உள்ளே வைத்து மூடினான்.

"அன்னிக்கு உன்ன வெளிய தூக்கிட்டு வந்தாங்களே. நான் கிடங்கு கேட்டுல நின்னுட்டிருந்தேன். உன் உதடு நீலமா இருந்துச்சு."

இவனோடு இதுதான் தொல்லை. வழுக்கை விழுந்த பிறகும் அந்த ஒரு நாளை மட்டும் கீழே போடமாட்டேன் என்கிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் அது. கிடங்கின் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. பலகையில் ஆணிகள். உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். அன்று ஒரு புண்ணியவான், நான் எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்து, உதவி செய்வதாக என் பதினேழாம் எண் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். பலகை காலி. கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்பக்கக் கைப்பிடி உறைந்து கிடந்தது.

நாற்பது நிமிடம். மூன்று மூன்றாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே யாரும் இல்லை. பொழுது போகாமல் இருநூறு பட்டாணி மூட்டைக்கும் பெயர் வைத்து, அதில் இரண்டுக்குக் கல்யாணமும் பேசி முடித்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி மட்டும் இதுவரை சிரித்ததில்லை.

எனக்கு மேற்பார்வை வேலை கிடைத்த அன்றே கதவில் சிவப்புப் பெயின்டால் என் கையாலேயே எழுதினேன். உள்ளே ஒருவர் என்றால் வெளியே ஒருவர். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக் கூடாது. பூட்டும் நேரத்தில் வில்லை தொங்கினால், உள்ளே போய்த் தேடிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியே நிற்பவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு தட்டுவார். 'இருக்கியா?' உள்ளேயிருந்து இரண்டு தட்டு. 'இருக்கேன், நல்லா இருக்கேன்.' மூன்று தட்டு என்றால், 'கதவைத் திற.'

அந்த நாளுக்கப்புறம் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு முறைகூட மூன்று தட்டியதில்லை. விரல் மரத்துப் போனாலும் இரண்டுதான். நமக்கென்று ஒரு கெத்து இருக்கிறதல்லவா?

"ஊர் ஊராத் தேடறியே அக்கா" என்றான் தம்பி. "அங்க உனக்கு வெளிய நிக்க யாரு இருக்கா?"

"பனியில ஒரு பொம்மை செஞ்சு நிறுத்திக்கறேன். உன்ன மாதிரியே தொப்பையோட."

சிரிப்பான் என்று பார்த்தேன். கிளம்பிவிட்டான். போகிற போக்கில் மேசையிலிருந்த மனுவில், அந்தக் காலியான வரி, அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"போ. தாராளமாப் போ. ஆனா என் நம்பரை மட்டும் அதுல எழுதாத. ஏதாச்சும் ஆச்சுன்னு நடு ராத்திரியில எவனாவது புரியாத பாஷையில எனக்குப் போன் பண்ணான்னா, நான் எடுக்கமாட்டேன். வரவும் மாட்டேன்."

கதவை அவன் சாத்திய சாத்தில் மூன்று நாற்காலிகளும் எழுந்து நின்றன.

பதினோரு மணிக்குத் தம்பி மகளுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் பல் டாக்டர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வேலை பார்ப்பாள். எனக்கு அவளிடம் ஒரே ஒரு வேலை. உன் பேரை எழுதிக்கட்டுமா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"சொல்லுங்க அத்தை, அஞ்சு நிமிஷம்தான். நல்லாத் திறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"திறந்துதாண்டி வெச்சிருக்கேன்."

"உங்கள இல்ல அத்தை, பேஷன்ட்ட. ஊர் முடிவாச்சா?"

"உங்கப்பா ரெண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவுல படுக்கப் போடறான்."

"அப்பாவ விடுங்க. நீங்க நார்வே போங்க, வடக்க. ஜனவரி முதல் வாரம்னா அங்க சூரியனே உதிக்காது! கண்ணாடிக் கூரை போட்ட ரூம். படுத்துக்கிட்டே வானத்துல பச்சை பச்சையா வெளிச்சம் ஓடறதப் பாக்கலாம்."

"சூரியன் வரலேன்னா எழுந்துக்கறது எப்படி?"

"எதுக்கு எழுந்துக்கணும்? தூங்குங்க, மேல பாருங்க, மறுபடி தூங்குங்க."

எட்டு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மேலே வானத்துக்குப் பதில் மின்விசிறி. பச்சை வெளிச்சம் கிடையாது. மற்றபடி அதே நார்வேதான்.

போனுக்குள் யாரோ "ஆ... ஆஅ... ஆ" என்றார்கள்.

"என்னவாம்?"

"பேஷன்ட்தான். அவரு அங்க போயிருக்காராம். என்ன சார்? நல்லா இருக்குமா? தலையாட்டாதீங்க, ஊசி இருக்கு!"

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். அந்த மனுவுல ஒரு வரி..."

"ஐயோ, ரத்தம் வருது. அத்தை, அப்புறம் கூப்பிடறேன்!"

அவளிடமிருந்து எனக்கு வர வேண்டிய 'அப்புறம்' ஏற்கெனவே நூற்றுக்கு மேல் நிலுவை. குறை சொல்லவில்லை. தங்கமான பெண். ரத்தம் வருகிறவர்களை முதலில் கவனிக்க வேண்டியதுதான் முறை. எனக்கு வரவில்லையே.

மூன்று மணிக்குப் பயண அலுவலகம் போனேன். அந்தப் பெண் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தாள். ஏசி இருபத்து நான்கு. எனக்கு வியர்த்தது.

"எந்த ஊர் மேடம்?"

"நீ சொல்லும்மா. ஒத்தை ஆளு. பனி விழணும். கால் வழுக்கினா எழுந்துக்க முடியணும். பாட்டு, டான்ஸ் வேணாம்."

"நார்வேல நாய் வண்டி இருக்கு மேடம். ஒருத்தர் உக்காரணும், ஒருத்தர் பின்னால நின்னு ஓட்டணும்."

"ஒத்தையா வந்தா?"

"வேற ஜோடியோட சேத்து உக்கார வெப்பாங்க. தேனிலவு ஜோடிங்கதான் நிறைய வருவாங்க. கொஞ்சம் சங்கடம்."

"அவங்களுக்கா, எனக்கா?"

"நாய்க்கு மேடம்."

எனக்கு இவளைப் பிடித்துப்போயிற்று. எட்டு மாதத்தில் என்னிடம் வேடிக்கையாகப் பேசிய முதல் ஆள். என் தலையெழுத்து, அதையும் பயண அலுவலகத்துக்கு வந்து கேட்க வேண்டியிருக்கிறது.

"ஆஸ்திரியா?" என்றாள். "மலை மேல ஹோட்டல். ஆனா எல்லாம் டபுள் ரூம். சாப்பாட்டு மேசையும் ரெண்டு பேருக்குத்தான்."

"எதிர் நாற்காலியில என் கோட்டை உக்கார வெச்சுக்கறேன்."

அவள் சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இன்னொண்ணு இருக்கு. யாரும் கேக்கறதில்ல. எஸ்டோனியா."

"அது நாடா, இருமல் மருந்தா?"

"நாடுதான் மேடம். தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். மர வீடு, ஆறே ஆறு ரூம். பாக்க ஒண்ணும் கிடையாது. காடு, உறைஞ்ச ஏரி, பனி. ஆனா ஒரு குறை இருக்கு, மறைக்கக் கூடாது. போன வருஷம் நாங்க அனுப்பின ஒருத்தர் புகார் எழுதிட்டாரு."

"என்னன்னு?"

"அந்த வீட்டுக்காரம்மா தினம் காலைல ஏழரைக்கு ஒவ்வொரு கதவா வந்து தட்டுறாங்களாம். உள்ளேர்ந்து குரல் வர்ற வரைக்கும் நகர்றதே இல்லையாம். லீவுக்கு வந்தும் தூங்க விடலைன்னு ரெண்டு பக்கம் திட்டியிருக்காரு."

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"எத்தனை தட்டாம்?"

"அதெல்லாம் எழுதல மேடம்."

"பரவால்ல. எஸ்டோனியா போடு. ரூம் கதவு உள்ளேர்ந்து திறக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

ஊர் முடிவாகிவிட்டது! ஐரோப்பாக் கண்டத்தையே சல்லடை போட்டுச் சலித்து மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவள் பரபரவென்று தட்டச்சு செய்தாள். அச்சு இயந்திரம் முனகியது. மனுவைப் புரட்டியவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இது காலியா இருக்கு மேடம். அவசரத் தொடர்பு. இது இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கம்ப்யூட்டருக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"யார் பேராவது போடுங்க. தம்பி, தங்கச்சி, பக்கத்து வீடு."

பக்கத்து வீட்டில் மூன்று குடித்தனம் மாறியாயிற்று. இப்போது இருப்பவர்களை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பழுப்புச் செருப்பு ஆறு மணிக்கு வரும், நீலச் செருப்பு எட்டு மணிக்கு.

தம்பி எழுதாதே என்றான். அவன் மகளைக் கேட்டு முடிக்கவில்லை. கேட்காமல் எழுதினால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் பெயரின் முதல் எழுத்து வரைக்கும் பேனா போனது. வேண்டாம் என்று அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், 'அவசரம்' என்ற சொல்லைப் பார்த்தபடியே, என் கை தானாக ஓர் எண்ணை எழுதிவிட்டது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மடித்துக் கொடுத்துவிட்டேன்.

"போட்டுப் பாத்துடறேன் மேடம். எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு வழக்கம். நிறைய பேர் தப்பு நம்பர் எழுதிடறாங்க."

ஸ்பீக்கரில் போட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"நாலாம் கதவு."

எனக்கு மூச்சு நின்று, மறுபடி வேலையில் சேர்ந்தது. முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'அவசரம்' என்ற சொல்லுக்கு நேரே எழுதிய எண். கிடங்கின் நாலாம் கதவுத் தொலைபேசி. உலகத்தில் யாரும் செய்யாத தப்பைச் செய்துவைத்திருக்கிறேன்!

"சார், பயண அலுவலகத்துலேர்ந்து பேசறோம். ஒரு மேடம் அவசரத்துக்கு உங்க நம்பர் குடுத்திருக்காங்க."

"எந்த மேடம்?"

பெண் என் பெயரைப் படித்தாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமுவது மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் சத்தத்திலும் நான் கண்டுபிடிப்பேன்.

"வில்லை பதினேழா?"

"வில்லையா சார்? புரியல."

"பதினேழு உள்ளதான் இருக்காங்க. இன்னும் வெளிய வரல."

பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சார், அவங்க இங்க என் எதிர்ல உக்காந்திருக்காங்க."

"எங்க பதிவேட்டுல உள்ள." ஏதோ காகிதம் புரண்டது. "நம்பர் சரிதான். போட்டுக்குங்க."

வைத்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன உறவு மேடம் இவரு?" என்று கேட்டாள் பெண், பேனாவோடு. "இங்க ஒரு கட்டம் இருக்கு."

"அதை இப்போதைக்கு விடு. நாளைக்குக் காலையில எழுதறேன்" என்று சொல்லி எழுந்தேன்.

"பாஸ்போர்ட் மறந்துடாதீங்க. பத்தரை!"

பேருந்து பிடித்துக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை.

நாலாம் கதவுக்கு வெளியே பத்தொன்பது வருடமாக நிற்பவரை எல்லோரும் 'நாலாங்கதவு' என்றே கூப்பிடுவார்கள். கொளுத்துகிற வெயிலிலும் கம்பளிக் குல்லா. ஒரு சொல்லைக் கொடுத்தால் திரும்ப வராது என்பது போலப் பேசுவார். நாங்கள் முகம் பார்த்துப் பேசியதைவிட, நடுவில் அரையடிக் கனக் கதவை வைத்துக்கொண்டு தட்டிப் பேசியதுதான் அதிகம். ஒரு தட்டு அவர், இரண்டு தட்டு நான். பத்தொன்பது வருடத்தில் லட்சம் தட்டு இருக்கும். குறைத்துச் சொல்கிறேன்.

"வாங்க மேடம்" என்றார். நேற்றுப் போய்விட்டு இன்று வந்தவளிடம் சொல்வது போல.

பலகையைப் பார்த்தேன். எல்லா ஆணியும் காலி. ஒன்றில் மட்டும் பித்தளை. பதினேழு.

ஓய்வு பெற்ற அன்று காலையில் கடைசிச் சுற்றுக்காக உள்ளே போனேன். "மேடம், போட்டோ எடுக்கணும், கேக் வெட்டணும், சீக்கிரம்" என்று நாலு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சட்டம் போட்ட மகராணி, சட்டத்தை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

"இதக் கழட்டி ஆபீஸ்ல குடுத்திருக்கலாம்ல?"

அவர் கதவிலிருந்த சிவப்பு எழுத்தைக் காட்டினார். "யார் கையெழுத்து?"

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும், பூட்டும் நேரத்துக்கு நேரே, ஒரே வரி. '17 உள்ளே. தேடினேன். இல்லை.' பக்கம் புரட்டினேன். '17 உள்ளே. தேடினேன். இல்லை.' ஒரு நாள், '17 உள்ளே. கடைசி அடுக்கு வரை கூப்பிட்டேன். இல்லை.' இன்னொரு நாள், 'தேடினேன். இல்லை. வெளியே நல்ல மழை.'

எட்டு மாதம்.

"தினமுமா உள்ள போய்க் கூப்பிட்டீங்க?"

"அஞ்சு நிமிஷ வேலை. மேனேஜர் சிரிப்பாரு. சிரிச்சிட்டுப் போறாரு."

"என்ன மனுஷன் நீங்க! ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே வந்து எடுத்திருப்பேனே!"

"எடுத்திருப்பீங்க" என்றார். "அதான் பண்ணல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். செத்த வீட்டில்கூட என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள், யாராவது சிரித்துவிடுவார்கள் என்று. இன்றோ, கம்ப்ரசரின் அழுத்தமானி முள்ளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பனி பாக்கப் போறேன்" என்றேன், முள்ளைப் பார்த்தபடியே. "ஜனவரியில. தனியா."

"ம்."

"பத்து நாள்."

"ம்."

"வெளிய நிக்க ஆள் இல்லாம எப்படிப் போவேன்னு தம்பி கேக்கறான்."

அவர் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கினார். பேனாவை எடுத்தார். புதிய வரியில் '17' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டணும்?"

"அவ்வளவு தூரத்துக்கு... நாளைக்கு ஒருதரம் போதும்."

"சாயங்காலம் ஏழு. இந்த போன்லேர்ந்து. உங்க போன் நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"பேச வேணாம். தட்டினாப் போதும்."

வில்லையை எடுக்கக் கை போனது. ஆணி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. "வந்து எடுத்துக்கறேன்."

"இருக்கும்" என்றார்.

வீடு வந்தபோது ஏழாக ஐந்து நிமிடம். படியேறும்போது நான் பாடினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நீலச் செருப்பு வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வந்து மூன்று நாற்காலிகளுக்கும் எஸ்டோனியாவைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். காலையில் எடுக்க வசதியாகப் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துவிடலாம் என்று அலமாரியின் நடு இழுப்பறையைத் திறந்தேன்.

காலி.

மேல் இழுப்பறை, கீழ் இழுப்பறை, அலமாரிக்கு அடியில், பின்னால். இல்லை. பூட்டு உடையவில்லை. டிவி இருக்கிறது. மறுபடி நடு இழுப்பறைக்கு வந்து குனிந்து பார்த்தபோது, ஓரத்தில் ஒரு துணி கிடந்தது. சின்னதாக, மஞ்சளாக. கண்ணாடி துடைக்கிற துணி. காலையில் இது இங்கே இல்லை. அவன் பையில் இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். தம்பி மனைவிக்குப் போட்டேன்.

"அவரா? மத்தியானமே கடையை மூடிட்டுக் கிளம்பிட்டாரே அக்கா. எங்கன்னு சொல்லல. ஒரு மாதிரி இருந்தாரு. நாளைக்கு மத்தியானம்தான் வருவேன்னு சொன்னாரு. ஏன்க்கா? எதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான். நல்லா இருக்கேன்."

வைத்தேன். நாளை மத்தியானம். நேரம் பத்தரைக்கு. என் தம்பிக்குக் கணக்கு எப்போதுமே நன்றாக வரும்.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. ஏழு மணி. ஜனவரியில்தானே என்று சொல்லியிருந்தேன்? இன்றைக்கே ஆரம்பித்துவிட்டாரா இந்த மனிதர்?

காதில் வைத்தேன். ஹலோ இல்லை. கம்ப்ரசர் உறுமியது. அப்புறம், இரும்பின் மேல், ஒரு தட்டு.

மஞ்சள் துணி இடது கையில் இருந்தது. போனை மேசையில் வைத்தேன். விரலை மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் தட்டினேன். ஒன்று. இரண்டு.

முப்பத்திரண்டு வருடமாக அங்கேயே நின்று பழகிய விரல். தூக்கியது தூக்கியபடி நின்றது.

மூன்று.

கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி சரேலென்று பின்னால் நகர்வது கேட்டது.